தள்ளுபடியில் பவர் சர்வர் வாங்குவோர் கவனத்திற்கு

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற பழைய வணிகக் கணினியின் வழிவந்த பவர் சர்வர்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்தினர், 2018-இல் எங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் எங்களிடம், கிடங்கு இருப்பு முதல் சம்பளப் பட்டியல் வரை அனைத்தும் நான்கு கோர் (செயலியில் தனித்தனியே வேலை செய்யும் அலகு) கொண்ட பவர்7 கணினி ஒன்றில்தான் நடந்தன. அதிலிருந்த ஐபிஎம் ஐ என்ற இயங்குதளத்தின் 7.1 பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 30-உடன் முடியவிருந்ததால், மார்ச் 31-க்குள் ஆர்டர் கொடுத்தால் பழையதை எடுத்துக்கொண்டு கால் பங்கு விலையைக் குறைப்பதாக முகவர் ஒருவர் சொன்னபோது ஒப்புக்கொண்டோம்.

முதல் கொட்டேஷன் எஸ்914 என்ற பவர்9 மாடலுக்கு, நான்கு கோருடன் வந்தது. கடைசி வாரத்தில், நான்கு கோரில் 64 ஜிபிக்கு மேல் மெமரி போட முடியாது, தள்ளுபடி போக ஏறத்தாழ அதே விலைக்கு ஆறு கோரே கிடைக்கும் என்று சொல்லி அதை மாற்றினார். அந்த வரம்பு உண்மைதான். ஆனால் எங்கள் பழைய கணினி 16 ஜிபியிலேயே ஏழு ஆண்டுகள் முனகாமல் ஓடியது.

நான்கு கோர் எஸ்914 பி05 என்ற மென்பொருள் பிரிவில் வரும்; ஆறு கோர் அதைவிட உயர்ந்த, கட்டணம் கூடிய பி10-இல் வரும். இயங்குதள லைசென்ஸ், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இரண்டும் இந்தப் பிரிவை வைத்தே கணக்கிடப்படுகின்றன. கொட்டேஷனின் மூன்றாம் பக்கத்தில், பாகங்களின் பட்டியலுக்குக் கீழே, 'பி10' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்தும் பொருட்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேக்கப், அறிக்கை மென்பொருள்களை விற்ற நிறுவனங்களிடமிருந்து அடுத்த அடி விழுந்தது. அவற்றின் லைசென்ஸ் கீ கணினியின் சீரியல் எண்ணோடு பிணைக்கப்பட்டது என்பதால் புதிய கீ கேட்டோம். அவர்கள் பிரிவு உயர்ந்ததற்கான வித்தியாசத் தொகையையும் சேர்த்து பில் அனுப்பினார்கள். இரண்டாம் ஆண்டுப் பராமரிப்பு பில்லையும் கூட்டியபோது, கிடைத்த தள்ளுபடியைவிடக் கூடுதலாகவே செலவழித்திருந்தோம். முகவரோ, அவை தன் கொட்டேஷனில் இல்லாதவை என்று கைவிரித்துவிட்டார்.

அடுத்த தலைமுறையான பவர்10-இன் எஸ்1014 மாடலிலும் இதே கதைதான்: நான்கு கோர் பி05, எட்டு கோர் பி10. ஆர்டரில் கையெழுத்திடும் முன் மென்பொருள் பிரிவை முகவரிடமும், கீ மாற்றும் கட்டணத்தை ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். பழைய கணினியை ஒப்படைக்கும் நாளையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். எங்கள் கையில் பில்கள் வந்து சேர்ந்தபோது, அது லாரியேறி மூன்று வாரம் ஆகியிருந்தது.