பச்சையாக இருந்தால் கூலன்ட் என்று நம்பாதீர்கள்: மணாலி–லே பயணத்தில் போனது 48,000

முந்தாநாள்தான் திரும்பி வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அக்டோபரில் மணாலி–லே சாலைக்கு செல்ஃப் டிரைவ் வண்டி எடுக்கப் போகிறவர்கள், முக்கியமாகக் குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கம்பெனி பெயர் போடவில்லை, புகார் நடக்கிறது. ஆப்பில் புக் செய்யும் வாடகை கார், சண்டிகரில் டெலிவரி. கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்கு. 5 நாள் வாடகை 22,500, டெபாசிட் 10,000, ‘ஸ்னோ பேக்கேஜ்’ என்று, பனியில் சக்கரத்தில் மாட்டும் சங்கிலிக்கு 2,500. கடைசியில் வண்டியைத் தூக்கிவர 13,000. ஆக மொத்தம் 48,000 ரூபாய்.

எங்கே ஏமாந்தோம் என்றால், டெலிவரி கொடுத்த பையன் பானட்டைத் தூக்கிக் காட்டினான். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் பளிச்சென்று பச்சை, ‘மேக்ஸ்’ கோடு வரை. “ஃபுல் ஹை சார்-ஜி, டென்ஷன் மத் லோ” (ஃபுல்லாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்) என்று டப்பாவை ஒரு தட்டு தட்டினான். நாங்களும் தலையாட்டிவிட்டு ஆப் செக்லிஸ்ட்டில் ‘கூலன்ட் ஓகே’ என்று டிக் அடித்தோம். அந்த ஒரு டிக்தான் இப்போது அவர்கள் கையில் ஆயுதம்.

பச்சை என்பது வெறும் சாயம். ஒரு பங்கு கூலன்ட்டில் பத்துப் பங்கு பைப்புத் தண்ணீர் ஊற்றினாலும் பச்சையாகத்தான் இருக்கும். சமவெளியில் ஓடும் வண்டிக்குக் குறையும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றியே பழகியிருக்கிறார்கள். அங்கே அது வெளியே தெரியாது. கூலன்ட்டை உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீர் 0-விலேயே உறையும், உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிக்கு அதுவே போதும்.

தார்ச்சா ஊரைத் தாண்டி பாராலாச்சா கணவாய் ஏற்றத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. சங்கிலியை வெளியே எடுத்தோம். கோணிப்பையில் இருந்தது, பெட்டி கிடையாது. உள்பக்க வயரைச் சக்கரத்துக்குப் பின்னால் சுற்றி மாட்டியாயிற்று. வெளிப்பக்கக் கொக்கி அரைச் சாண் எட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சங்கிலியின் தகட்டில் 185/65 ஆர்15, எங்கள் டயரில் 215/60 ஆர்16. இழுத்துக் கட்டிப் பிரயோஜனமில்லை. ஓட்டத்தில் அறுந்தால் பிரேக் ஹோஸையும் சேர்த்துப் பிய்த்துவிடும். முதல் கியரில் ஊர்ந்து, பிரேக்கைத் தொடாமல் கீழே ஜிஸ்பா ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 2,500 ரூபாய்க்கு ஒரு கோணிப்பை.

அன்று ராத்திரி மைனஸ் 7. காலையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதுதான் மோசம். பெல்ட் கீச்சென்று கத்தியது. ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, ஹீட்டரிலோ ஜில்லென்று காற்று. இப்படிப்பட்ட குளிரில் இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் முதல் சந்தேகம் இதுதான்: உள்ளே கூழாக உறைந்து வாட்டர் பம்ப் தள்ள முடியாமல் நிற்கிறது. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். வெந்நீர் ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடும். நாங்கள் நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. வெயில் ஏறியதும் ரேடியேட்டரின் அடித்தொட்டியிலிருந்து அந்த அழகான பச்சைத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கேலாங் மெக்கானிக் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (எந்த டிகிரியில் உறையும் என்று காட்டும் கருவி) வைத்துக் காட்டினார்: மைனஸ் 2. தண்ணீர்தான்.

இனி கஸ்டமர் கேர் கூத்து. முதல் போன்: “மலைப்பகுதியில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் கிடையாது சார்.” அப்புறம் எதற்கு ஸ்னோ பேக்கேஜ் விற்றீர்கள்? இரண்டாவது ஆள்: “கூலன்ட் ஓகே என்று நீங்கள்தானே டிக் அடித்தீர்கள்?” மூன்றாவது ஆள், சங்கிலிப் படத்தைப் பார்த்துவிட்டு, “அது ஆக்சஸரி, வெண்டர் பொறுப்பு.” வெண்டர் யார் என்றால் பதில் இல்லை. மறுநாள் மெயிலில் ‘கவனக்குறைவான பயன்பாடு’ என்று சொல்லி ரேடியேட்டர் கணக்கில் டெபாசிட் 10,000-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். ரெக்கவரி 13,000 எங்கள் பாக்கெட்டிலிருந்து. புகார் டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியாயிற்று. 48,000 போய் அவர்களுக்குத் தீர்ந்தது, எங்களுக்கு இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறோம்.

விரிவாக ஒரு பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

வண்டியைக் கையில் வாங்கும் இடத்திலேயே சங்கிலியை ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். டயர் அளவும் தகடும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் முன்னால்தான் மாட்ட வேண்டும். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் டயர் தயாரான வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கேலாங்குக்கு முன்பே வரும் தண்டி ஊரில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கேயே போர்டு இருக்கிறது.

வைப்பர் தண்ணீரும் உறையும். சமவெளியில் போட்ட டீசலும் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும்.

கூலன்ட்டைச் சோதிக்காமல் டிக் அடிக்காதீர்கள். சோதிக்கும் கருவி சில நூறு ரூபாய்தான். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கை வெந்துவிடும்.