இரண்டரை வருடம் ஓடிய டெஸ்ட் சர்வர், அதில் ஒரு 'பிஸி' வரி

ஒன்பது நாள் டெஸ்ட் சர்வர் (லைனின் வேகத்தை அளக்க எங்கள் ரேக்கில் வைத்திருக்கும் கணினி) இல்லாமல் ஓட்டிவிட்டு, முந்தாநாள்தான் சரிசெய்து வாங்கிவந்து ரேக்கில் மாட்டினேன். பவர் பின் செருகும் இடம் போர்டோடு சேர்ந்து கருகியிருந்தது. மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் 2,200 ரூபாய் ஆனது. மாட்டிய அன்று ராத்திரியே கம்பத்தில் கேபிள் தொழில் பார்க்கும் நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, நீ வச்சிருக்கியே டெஸ்ட் சர்வர், அது மாதிரி நாங்களும் ஒண்ணு போட்டுருவமா? உருப்படியா இருக்குமா, தலைவலியா?" பத்து நிமிடம் பேசினேன். முழுசாகச் சொன்ன திருப்தி இல்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அவனைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்காகவும்.

எங்களுடையது போடியிலும் சுற்று ஊர்களிலும் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் சிறிய நிறுவனம். லைன்மேன்கள் ஆறு பேர். ரேக், ரூட்டர், ஓஎல்டி (வீட்டு ஃபைபர்கள் வந்து சேரும் எங்கள் பக்கத்துப் பெட்டி) எல்லாம் என் பொறுப்பு. "நூறு எம்பி ப்ளான் போட்டிருக்கேன், நாப்பதுதான் வருது" என்கிற புகாரிலேயே எங்கள் நாளில் பாதி போய்விடும். மீதி அறுபது தொலைவதற்கு மூன்று இடங்கள் உண்டு. வீட்டு வைஃபை ஒன்று, எங்கள் ஃபைபர் இன்னொன்று, நாங்கள் மொத்தமாக பேண்ட்விட்த் வாங்கும் இடம் மூன்றாவது. பொதுவான ஸ்பீடு டெஸ்ட் தளம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டிவிடும். சர்வர் எங்கள் ரேக்கிலேயே இருந்தால் மூன்றாவது கழிந்துவிடும். லேப்டாப்பை ஓஎன்யூவில் (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) நேராகக் கேபிளால் செருகினால் முதலாவதும் கழிந்துவிடும். மிச்சம் இருப்பது எங்கள் லைன் மட்டும்தான்.

இந்தக் காரணத்தால்தான் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் வாடகை சர்வர்) எடுக்கும் யோசனையை நண்பனிடம் வேண்டாம் என்றேன். போய்வர 40 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்தில் 100 மெகாபிட் முழுசாக ஓட வேண்டுமானால், பதில் வருவதற்கு முன்பே 500 கிலோபைட் பாதையில் மிதந்துகொண்டிருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவு (விண்டோ) அதற்குப் போதவில்லை என்றால் எண் குறையும், பழி ஃபைபர் மேல் விழும்.

முதலில் நானும் தனிப்பெட்டி வைக்கவில்லை. பில்லிங் ஓடும் மெஷினிலேயே ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளைப் போட்டிருந்தேன். சாயங்காலம் அதில் பேக்கப் ஆரம்பித்தால் டெஸ்ட் எண் சரியும். இங்கே பேக்கப் ஓட, அங்கே லைன்மேன் போஸ்ட்டில் ஏறி நல்ல ஸ்ப்ளைஸை (ஃபைபரை ஒட்டிய இணைப்பை) பிரித்துக்கொண்டிருப்பான். ரூட்டருக்குள்ளேயே வரும் டெஸ்ட் கருவியையும் முயன்று பார்த்தேன். பாக்கெட்டை உருவாக்குவதும் அந்த ப்ராசஸர்தான், ஊர் போக்குவரத்தைக் கடத்துவதும் அதுதான் என்றால், அது சொல்லும் எண்ணை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. பிறகு கையடக்கமான போர்டு கணினி ஒன்றை வைத்தேன். கிகாபிட் போர்ட் என்று போட்டிருந்தது, ஆனால் 300ஐத் தாண்டவே இல்லை. உள்ளே அந்த நெட்வொர்க் சிப் யூஎஸ்பி 2.0 வழியாக இணைந்திருக்கிறது. யூஎஸ்பி 2.0 காகிதத்தில் சொல்லும் வேகமே 480 மெகாபிட்தான். இது புரிவதற்குள் இரண்டு சுவிட்சை மாற்றிவிட்டேன்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி வாங்கினேன். ஐ5 6500டி, 8 ஜிபி ரேம், 9,500 ரூபாய். டெபியன் 12 லினக்ஸ் போட்டு, ஐபெர்ஃப்3 தவிர வேறெதுவும் வைக்காமல், கோர் சுவிட்சில் நேராகச் செருகினேன். பயாஸில் கரண்ட் வந்ததும் தானே எழும்படி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்கும் யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். ஃபயர்வாலில் உங்கள் சொந்த ஐபி ரேஞ்சுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். நான் முதல் வாரம் பப்ளிக் ஐபியில் திறந்தே வைத்திருந்தேன். யார் யாரோ எங்கள் பேண்ட்விட்த்தில் டெஸ்ட் ஓட்டியிருந்தார்கள்.

இந்தப் பெட்டி கொடுத்த சந்தோஷம் ஒரு எண்ணில் இருக்கிறது: 941.

கிகாபிட் கேபிளில் டிசிபி (போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டே அனுப்பும் முறை) டெஸ்ட் ஓட்டினால் ஒருபோதும் 1000 வராது. 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியில் போகும்போது ஈதர்நெட் தலைப்பு, முன்குறி, இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட்டுக்கான இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த 1500க்குள்ளும் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 52 போய்விடும். நம் டேட்டாவுக்கு மிஞ்சுவது 1448. அதை 1538ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 941. முதல் நாள் லேப்டாப்பை அதே சுவிட்சில் செருகி ஓட்டியபோது நொடிக்கு நொடி 941, 941, 942, 941 என்று வந்துகொண்டே இருந்தது. காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே திரையில் வந்து நின்றதைப் பார்த்து வெகுநேரம் ரேக் முன்னாலேயே நின்றிருந்தேன். கையில் உள்ள தராசு சரியானது என்று தெரிந்தபின் வரும் நிம்மதி அது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் எந்த எண் வந்தாலும், சர்வர் மேல் சந்தேகம் வந்ததே இல்லை.

இதே கணக்கின் தம்பி 94. ஏலக்காய் வியாபாரி ஒருவர் 200 எம்பி ப்ளான் வைத்திருந்தார். போனில் 190 வருகிறது, கணக்குப்பிள்ளை உட்காரும் கம்ப்யூட்டரில் மட்டும் பாதிதான் வருகிறது என்று மூன்று மாதமாகச் சண்டை. ஏலம் ஆன்லைனில் நடக்கும் தொழில், அவர் கோபம் நியாயமானது. ஓஎன்யூவை மாற்றினோம், லைட் லெவல் (ஃபைபரில் வரும் ஒளியின் அளவு) பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. சர்வர் வந்த பிறகு லைன்மேன் அந்தக் கம்ப்யூட்டரில் டெஸ்ட் ஓட்டி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். 94.1, 94.1, 94.2, 94.1. கோளாறான லைன் இப்படி நிற்காது, ஏறி இறங்கும். இது சுவரில் முட்டி நிற்கிற எண், 100 மெகாபிட் ஈதர்நெட்டின் உச்சி. "கேபிளைப் பிரிச்சுப் பாருப்பா" என்றேன். சிசிடிவி மாட்ட வந்தவர் அந்தக் கேபிளின் எட்டுக் கம்பியில் நாலை எடுத்துக் கேமராவுக்குக் கொடுத்திருந்தார். 100க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புதுக் கேபிள் இழுத்து அன்று மதியமே முடித்தோம். மூன்று மாதச் சண்டை நாலு எண்ணில் தீர்ந்தது. பெட்டிக்குக் கொடுத்த காசு அன்றைக்கே வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

யூடிபி (உறுதி கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை) டெஸ்டில் ஒரு குழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறிப்பிடாமல் ஓட்டினால் ஐபெர்ஃப்3 நொடிக்கு 1 மெகாபிட்தான் அனுப்பும். வீடியோ கால் திக்குகிறது என்ற வீட்டில் எங்கள் பையன்கள் அப்படியே ஓட்டி, லாஸ் (வழியில் தொலையும் பாக்கெட்) பூஜ்யம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேகத்தை 50 மெகாபிட் என்று கொடுத்து ஓட்டியபோதுதான் அந்த வீடுகளில் சிலவற்றில் லாஸ் தெரிந்தது. அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றவும் கூடாது. எங்களுடையது ஈபான், ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. ஓஎல்டியில் ஒரு பான் போர்ட்டின் 1 கிகாபிட்டை ஐம்பது, அறுபது வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் ப்ளான் வரம்பு இல்லாத டெஸ்ட் ஐடியில் எட்டு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் எட்டு இணைப்பு) போட்டு ஓட்ட, அந்தத் தெரு முழுக்க எங்களுக்குப் போன் அடித்தது. இப்போது சாயங்காலம் ஆறுக்கு மேல் பெரிய டெஸ்ட் கிடையாது.

இனி, இரண்டரை வருடமாக என்னை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஐபெர்ஃப்3 சர்வர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டெஸ்டைத்தான் எடுக்கும். ஒன்று ஓடும்போது இன்னொருவர் வந்தால், 'சர்வர் பிஸியாக இருக்கிறது, பிறகு முயலுங்கள்' என்கிற வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். ஒரு அளவை இன்னொரு அளவு கெடுக்கக் கூடாது என்பது காரணம். நியாயம்தான், ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. பழைய ஐபெர்ஃப்2 பல பேரை ஒரே நேரத்தில் எடுக்கும், ஆனால் 2ம் 3ம் ஒன்றோடொன்று பேசாது. பையன்கள் போன்களில் ஏற்கெனவே 3 இருக்கிறது.

சரி என்று ஆறு போர்ட் திறந்தேன். 5201 முதல் 5206 வரை, ஆளுக்கு ஒன்று. போன் கவரின் பின்னால் போர்ட் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டெஸ்ட் ஓடும்போது போனில் சிக்னல் போனாலோ, ஆளே பாதியில் செயலியை மூடிவிட்டாலோ, அந்தப் போர்ட் சில சமயம் பிடித்ததை விடுவதில்லை. ஒரு நிமிடத்தில் விட்டுவிடும் நாளும் உண்டு, நான் உள்ளே போய் நிறுத்தித் தொடங்கும் வரை விடாத நாளும் உண்டு. தன் போர்ட் பிஸி என்றதும் அவன் பக்கத்து ஆளின் போர்ட்டுக்குப் போவான். அடுத்து அந்த ஆள் எனக்குக் கூப்பிடுவான். "அண்ணே, பிஸிங்குதுண்ணே." இந்த வார்த்தையைக் கேட்காத வேலை நாள் எனக்கு அபூர்வம்.

மணிக்கொரு தடவை எல்லாப் போர்ட்டையும் ரீஸ்டார்ட் பண்ண வைத்தேன். அது நல்லபடி ஓடிக்கொண்டிருந்த டெஸ்டை அறுத்தது. சும்மா இருந்தால் தானே மறுபடி தொடங்கும் டைம்அவுட் வைத்தேன், பாதிக்குப் பாதி குறைந்தது. இப்போது ஒவ்வொரு போர்ட்டும் ஒரு டெஸ்ட் முடிந்ததும் செத்து, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை உடனே எழுப்பும்படி வைத்திருக்கிறேன். இதுவரை செய்ததில் இதுதான் நன்றாக இருக்கிறது, ஆனாலும் முழுசாக நிற்கவில்லை.

வேலை தாமதமாவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. மேலே மலைப்பக்கம் ஒரு வீடு. பையன் மழையில் நனைந்து போய், ஸ்ப்ளைஸைச் சரிசெய்து, லைட் லெவல் மைனஸ் 19 டிபிஎம் என்ற நல்ல அளவுக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து டெஸ்டைத் தட்டினான். சர்வர் ரிப்பேரிலிருந்து வந்து முழுசாக ஒருநாள்கூட ஆகவில்லை. திரையில் அந்த வரி வந்தது. வீட்டுக்காரர் படித்தவர். "சர்வர் பிஸின்னு உங்க மெஷினே சொல்லுது. அப்ப லோடு தாங்கலைன்னுதானே அர்த்தம்?" என்றார். அது வேறு பிஸி என்று பையன் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். அவர் நம்பவில்லை, அடுத்த மாதத்துக்குப் புதுப்பிக்கவும் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது, லைனும் சுத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை அந்தப் பையனைப் பொய்யனாக்கிவிட்டது. அவன் ஆபீஸுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் பையை வைத்துவிட்டுப் போனான். அது எனக்குத்தான் வலித்தது.

வாடிக்கையாளர் முன்னால் காட்ட, அதே பெட்டியில் லிப்ரேஸ்பீடு என்ற ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தையும் போட்டேன். பிரௌசரில் திறந்தால் போதும், ஒரே நேரத்தில் பல பேர் ஓட்டலாம், பிஸி என்று சொல்லாது. ஆனால் பழைய போனில் பிரௌசரே மூச்சு வாங்கி எண்ணைக் குறைத்துவிடுகிறது. முடிவெடுக்க நான் இன்னும் ஐபெர்ஃப் எண்ணைத்தான் கேட்கிறேன்.

நண்பனின் அப்லிங்க் (வெளி இணையத்தோடு சேரும் இணைப்பு) 10 கிகாபிட். அவனுக்கு மட்டும் ஒன்று: டெபியன் 12ல் வரும் ஐபெர்ஃப் 3.12 பதிப்பு எத்தனை ஸ்ட்ரீம் கொடுத்தாலும் ப்ராசஸரின் ஒரே கோரில்தான் ஓடும். 3.16லிருந்துதான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட், அதாவது பல கோரிலும் பிரிந்து ஓடும். டெபியன் 13 போட்டால் கவலையில்லை. எங்கள் ஒரு கிகாபிட்டுக்குப் பழசே போதும்.

பெட்டி இல்லாத அந்த ஒன்பது நாளையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே பையன்கள் பழையபடி போஸ்ட்டில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே வீட்டுக்கு நாலு தடவை போனோம், கடைசியில் அது வைஃபை சேனல் பிரச்சினை. பெட்டி இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆறு பேரும் "எப்பண்ணே வரும்" என்று தினம் கேட்டார்கள்.

ஆக, மாப்ள, உன் கேள்விக்குப் பதில்: இந்த வாரம் கேட்டால் போடாதே என்பேன். ஐந்துக்கு இரண்டு மார்க்தான் தருவேன், அதுவும் 941க்காகவும் அந்த வியாபாரிக்காகவும். மலை வீட்டுக்காரர் திரும்பி வந்தால் வேண்டுமானால் மாற்றிக் கேள்.

ரிச்சி தெருவில் அதே மாடலில் இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு உபரி அடாப்டரும் சேர்த்து. அது வந்ததும் 5207 முதல் 5212 வரை அதில் திறப்பேன், ஆளுக்கு இரண்டு போர்ட்.