குகை நாடக உடைக் கடையில் வாடகைக்கு ஒரு முருகன்

ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு. குறைத்த ஒன்று யானைத் தலைக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை முக்கால் மணி நேரமாகச் சுருக்கி எட்டாம் வகுப்பை நடிக்க வைத்தோம். பிள்ளைகளுக்குக் கனமாகாதா என்று தலைமையாசிரியர் கேட்டார். 1918இல் மதுரையில் சிறுவர்களையே வைத்து நாடக சபை நடத்தியவர் சுவாமிகள் என்றதும் வாயடைத்துப்போனார்.

உடைகளைச் சேலத்தில் குகை என்ற பகுதியிலுள்ள ஒரு வாடகைக் கடையில் எடுத்தோம். ஆடித் திருவிழாவில் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்குச் சாமி வேடம் போடுகிற ஊர்ப்பகுதி அல்லவா, கிரீடம், புஜகீர்த்தி, மயில்தோகை எதற்கும் பஞ்சமில்லை. மாடிப்படியில்கூட அட்டைக் கதாயுதங்கள் சாய்ந்து கிடக்கின்றன. ஜரிகையும் கல்பதிப்பும் சுமார்தான். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

நான் மெச்சுவது கடைக்காரப் பெரியவரின் நாடக அறிவை. முருகன் போடும் கிழவர் வேடத்துக்கு அசல் முடியில் பின்னி, பசை வைத்து ஒட்டும் தாடிதான் வேண்டும் என்று எங்கள் ஓவிய ஆசிரியர் பிடிவாதமாக நின்றார். பெரியவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. காதில் கம்பி மாட்டுகிற பஞ்சுத் தாடியை மேசைமேல் வைத்தார். “ஏமாற வேண்டியது வள்ளி, சார். ஜனங்களும் ஏமாந்துவிட்டால் நாடகம் படுத்துவிடும்” என்றார். காவித் துண்டுக்குக் கீழே முருகனின் சிவப்புப் பட்டு நான்கு விரல் தெரிய வேண்டுமாம், கைக்காப்பைக் கழற்றக் கூடாதாம்.

யோசித்தால் சுவாமிகளின் நாடகமே அப்படித்தான் இருக்கிறது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான், அவள் அப்பா நம்பிராஜன் தலை தெரிந்ததும் வேங்கை மரமாகிறான், அப்புறம் தள்ளாத கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். வந்திருப்பது யாரென்று வள்ளிக்குத்தான் தெரியாது, நமக்கு முதலிலிருந்தே தெரியும். யாரோ ஒரு கிழவன் தனியாக இருக்கும் பெண்ணிடம் வம்பு செய்தால் பார்க்கச் சகிக்குமா? பட்டு தெரிவதால்தான் சிரிக்கிறோம்.

விழாவில் கிழவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது துண்டு விலகிவிட்டது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு, “அக்கா, அது தாத்தா இல்லை, முருகன்!” என்று கத்தித் தீர்த்தது. வள்ளி திரும்பியே பார்க்காமல் தினைமாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி. கடைசியில் தாடியைக் கழற்ற ஒரு நொடிகூட ஆகவில்லை. பசைத் தாடியாக இருந்திருந்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து வந்திருக்கும்.

இனி யானைத் தலை. காகிதக் கூழில் செய்தது, நல்ல கனம், உள்ளே பழைய வியர்வை நாற்றம். கண் துளைகள் பையனின் நெற்றிக்கு நேராக இருந்ததால், வள்ளியைத் துரத்த வேண்டிய விநாயகர் ஆர்மோனியக்காரரைத் துரத்தினார். புகார் சொன்னதற்கு, “யானைக்குக் கண் சின்னதுதானே, டீச்சர்” என்று பதில் வந்தது. வாடகையில் நூறு ரூபாய் குறைத்ததோடு சரி.

முன்பணம் வாடகைக்குச் சமம். ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் உடைகளைத் திருப்ப வேண்டும், அரிதாரக் கறை இருந்தால் சலவைக்குப் பிடித்துக்கொள்வார்கள். ஆடி மாதத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஒரு கிரீடம்கூட மிஞ்சாது. நகைகளை மட்டும் அங்கேயே எண்ணி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முருகனின் பையில் குண்டலம் ஒன்றுதான் இருந்தது.