கையெழுத்துக்கு ஐந்து நாள் முன்பு: அறுவை சிகிச்சைக்கான பெற்றோர் ஆலோசனைச் சேவை

எங்கள் 6 வயது மகளுக்கு டான்சில் அகற்ற வேண்டும் என்று முடிவானதும், அந்த மருத்துவமனை பெற்றோருக்கென நடத்தும் ஆலோசனைச் சேவைக்கு நானும் என் மனைவியும் சென்றோம். ஒப்புதல் படிவம் என்றால் அறுவை அரங்கின் வாசலில் பேனாவோடு சேர்த்து நீட்டப்படும் தாள் என்றே எண்ணியிருந்த எனக்கு, 5 நாள் முன்னதாகவே உட்காரவைத்துப் பேசுவது புதிதாக இருந்தது.

எங்களைச் சந்தித்த செவிலியர் எதையும் விளக்கத் தொடங்கும் முன், "எதை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டார். மயக்கத்திலிருந்து குழந்தை விழிக்காமல் போய்விடுமோ என்று என் மனைவி சொன்னதும், மயக்க மருந்து நிபுணரையே அழைத்துவந்தார். அத்தகைய ஆபத்து மிக அரிது என்றும், அறவே இல்லை என்று தம்மால் சொல்ல இயலாது என்றும் அந்த நிபுணர் கூறியபோதுதான், விந்தையாக, என் மனைவியின் முகம் தெளிந்தது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் என்பதால்தான் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதையும், விழிக்கும்போது சில குழந்தைகள் பெற்றோரைக்கூட அடையாளம் தெரியாமல் கதறி, சற்று நேரத்தில் தாமே அடங்கிவிடுவார்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

பிறகு, "வீட்டில் பாட்டி கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை என்னிடம் சொல்லுங்கள்" என்றார் செவிலியர். வீடு திரும்பிவிட்டால் இரத்தக்கசிவு பற்றிய கவலை இல்லை என்று நான் உளறினேன். "நான்தான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது" என்று பழியைத் தம்மீது போட்டுக்கொண்டு, முதல் 24 மணி நேரத்தைப் போலவே, தொண்டைப் புண்ணின் மேலுள்ள வெண்படலம் உதிரும் 5ஆம் நாள் முதல் 10ஆம் நாள்வரையிலும் கவனம் தேவை என்றும், எச்சிலில் புது இரத்தம் தென்பட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்றும் மறுபடி விளக்கினார். மகளிடம் மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியைக் கொடுத்து, அவளுடைய பொம்மைக்கு முதலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. அறுவையைத் தள்ளிப்போட்டுச் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்பதை நாங்களாகக் கேட்ட பிறகே பேசினார்கள். படிவமோ "மேற்படி நோயாளியின் பாதுகாவலராகிய" என்று தொடங்கி, பத்திரம் எழுதுபவர் நடையிலேயே முடிகிறது. அதைத் திருத்தி எழுதும் வேலையை அந்தச் செவிலியரிடமே ஒப்படைக்கலாம்.