கொடைக்கானல் நர்சரியில் வாங்கிய டைகர் லில்லிக் கிழங்கு: மதுரை மாடியில் இரண்டு வருடம்

ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பொட்டோடு பூக்கிற டைகர் லில்லி என்று யார் கிழங்கு கொடுத்தாலும் முதலில் அதன் தோலைப் பாருங்கள். வெங்காயத்துக்கு இருப்பது போன்ற மேல்தோல் இதற்குக் கிடையாது. உரித்த பூண்டுப் பற்களை நெருக்கி அடுக்கி வைத்த மாதிரி, வெள்ளையாகச் செதில் செதிலாக இருக்கும். அடியில் சதைப்பற்றான வேர் தொங்கும். பழுப்புத் தோல் மூடியிருந்தால் அது வேறு ஏதோ கிழங்கு.

இது தெரியாமல்தான் முதல் தடவை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். படத்தில் நீலப் பூ போட்டிருந்தார்கள். டைகர் லில்லியில் நீல நிறமே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. பத்துக் கிழங்கு 299 ரூபாய். வந்ததெல்லாம் சின்ன வெங்காய அளவு. நட்டு வைத்தேன். ஐப்பசி மழை விழுந்ததும் இளஞ்சிவப்பில் மழை லில்லி பூத்தது. திருநகரில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு வாசலில் தானாகப் பூத்துக் கிடக்கிற பூ. அழகான பூதான், ஆனால் நான் காசு கொடுத்தது அதற்காக இல்லை. கேட்டதற்கு, ரிட்டன் தேதி முடிந்துவிட்டது என்றார்கள்.

அப்புறம் 2023 மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்கக் கொடைக்கானல் போனோம். பிரையண்ட் பூங்காவில் ஒரே கூட்டம், சரியாகப் பார்க்க முடியவில்லை. இறங்கி வருகிற வழியில் ரோட்டோரம் ஒரு சின்ன நர்சரி. சரிவில் இரண்டு பாத்தி நிறைய நாலடி உயரத்துக்கு டைகர் லில்லி நின்றது. பாதி மொட்டு, பாதி பூ. காரை நிறுத்தச் சொன்னேன். பூத்த தொட்டி ஒன்று 250 ரூபாய். எடுக்கப் போன என்னை நர்சரிக்கார அண்ணன் தடுத்துவிட்டார்.

"மதுரையாக்கா? இதைக் கொண்டுபோனா பத்து நாள் பூவைப் பாப்பீங்க, அவ்வளவுதான். அங்க அடிக்கிற வெயிலுக்கு அடுத்த வருசம் இலைதான் வரும். ஐப்பசியில வாங்க, கிழங்காத் தோண்டித் தர்றேன். வீட்ல ஃபிரிட்ஜ் இருக்குல்ல?"

கையில் வந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அப்படிச் சொன்னாரே, அந்த ஒரு பேச்சுக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த அக்டோபரில் வீட்டுக்காரருக்கு வத்தலக்குண்டில் வேலை இருந்தது. அப்படியே மேலே ஏறிவிட்டோம். தண்டு காய்ந்து நின்ற பாத்தியில் எங்கள் கண் முன்னாலேயே மண்வெட்டி போடாமல் கையால் கிளறி எடுத்தார். எலுமிச்சம்பழ அளவில் ஆறு கிழங்கு, ஒன்று 60 ரூபாய், மொத்தம் 360. வேரை நறுக்கக்கூடாது, காய விடக்கூடாது என்றார். பூஞ்சாண மருந்துத் தண்ணீரில் நனைத்து, ஈரமான தேங்காய் நார்க்கழிவில் பொதிந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீடு வந்து பிரித்தபோது ஒரு செதில்கூட உதிரவில்லை.

ஃபிரிட்ஜ் எதற்கு என்றால், இந்தச் செடிக்குச் சொந்த ஊர் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். அங்கே குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் குளிரில் கிடக்கும். அந்தக் குளிர் ஏறினால்தான் அது ஒழுங்காக மொட்டு வைக்கும். கொடைக்கானல் இரவுகளில் அதற்கு வழி இருக்கிறது. மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால் நாமே குளிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் நார்க்கழிவோடு வைத்து, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் எட்டு வாரம். ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், செத்துப்போகும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கிற பழம் விடுகிற வாயு கிழங்கைக் கெடுக்கும். பையின் மேல் பெயர் எழுதி ஒட்டுவது ரொம்ப முக்கியம். எங்கள் அத்தை ரசத்துக்குத் தட்டப் பூண்டு தேடி இந்தப் பையைத்தான் வெளியே எடுத்தார்கள். சீனாவிலும் கொரியாவிலும் லில்லிக் கிழங்கைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் பையில் இருப்பது மருந்தில் நனைத்தது.

மார்கழி பிறந்து, மழையும் ஓய்ந்த பிறகு நட்டேன். ஆழம்தான் இதில் பெரிய விஷயம். மற்ற கிழங்கு மாதிரி மேலாக வைத்தால் போதாது. கிழங்குக்கு மேலே அரையடி மண் இருக்க வேண்டும். ஏனென்றால் கிழங்குக்கு அடியில் மட்டும் இல்லாமல், மேலே கிளம்புகிற தண்டிலும் மண்ணுக்குள் வேர் விடும். செடிக்கு நிறையச் சாப்பாடு அந்த வேர் வழியாகத்தான் போகிறது. செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. காலை 11 மணி வரை மட்டும் வெயில் படுகிற மூலையில், பச்சை வலைக்குக் கீழே வைத்தேன்.

இருபது நாளில் மூங்கில் குருத்து மாதிரி மூக்கு எட்டிப் பார்த்தது. ஆறில் ஐந்து முளைத்தது. ஒன்று அழுகிப்போனது, அந்தத் தொட்டியில் வடிகால் ஓட்டை அடைத்திருந்தது. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

2024 மார்ச் கடைசி வாரம், முதல் மொட்டு முந்தின நாளே ஆரஞ்சாகத் திரும்பியிருந்தது. காலை ஆறு மணிக்கு மாடி ஏறினேன். ஆறு இதழும் நுனியில் லேசாகப் பிரிந்து தலைகீழாகத் தொங்கியது. துணி உலர்த்திவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பிப் பார்த்தால், இதழெல்லாம் பின்பக்கமாகச் சுருண்டு காம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆரஞ்சின் மேல் அரக்குக் கறுப்பில் பொட்டுப் பொட்டாக. உள்பக்கம் விரலால் தடவினால், அடியில் சின்னச் சின்னதாக முள் மாதிரி சதை எழும்பியிருப்பது தட்டுப்பட்டது. நடுவிலிருந்து ஆறு மகரந்தக் கம்பி நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் செங்கல் பொடி நிறத்தில் தூள். அந்தத் தூள் துணியில் பட்டால் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள், கறை ஏறிவிடும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.

வாசனை கிடையாது. அத்தை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசம் இல்லாத பூவுக்கா எட்டு வாரம் ஃபிரிட்ஜை அடைச்ச?" என்று கேட்டார்கள். மல்லிகை ஊரில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் அடுத்த நாளிலிருந்து, மூட்டு வலியோடு, காலையில் எனக்கு முன்னால் மாடிக்குப் போனது அவர்கள்தான்.

நாலு செடி பூத்தது, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூ. உயரம் இரண்டரை அடிக்கு மேல் போகவில்லை. ஒரு பூ நாலு நாள் நின்றது. கொடைக்கானல் பாத்தியை மனதில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் காந்தள் என்றே நினைத்தார்கள். இரண்டிலும் இதழ் பின்னால் வளையும், அவ்வளவுதான் ஒற்றுமை. காந்தள் கொடி, இலை நுனியே சுருண்டு பற்றிப் பிடிக்கும். அதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு என்கிறோம், கொடிய விஷம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் பூனை இருந்தால் டைகர் லில்லியே வேண்டாம். இலை, பூ, மகரந்தம், பூ வைத்த ஜாடித் தண்ணீர் எதை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகலாம். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் மாடியில்தான் வெயில் காயும். விஷயம் தெரிந்த அன்றே தொட்டிகளை எல்லாம் கம்பி வலை போட்ட பால்கனிக்குள் கொண்டுவந்துவிட்டேன். இதைக் கடையில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, அது எனக்குக் குறைதான்.

வேறு குறைகளும் உண்டு. எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. கூரியர் கிடையாது. போன் செய்தால் நாலு தடவைக்கு ஒரு தடவை எடுப்பார். 2024 அக்டோபரில் விலை 80 ரூபாய் ஆகியிருந்தது. ஆனாலும் கிழங்கு அதே எலுமிச்சை அளவு, அதே சுத்தம். இரண்டு வாங்கினேன்.

ஏனென்றால் பழைய கிழங்கு இளைத்துவிட்டது. பூ முடிந்ததும் இலையை வெட்டாமல் விட்டேன், தண்ணீரும் அளவாக ஊற்றினேன். இருந்தும் சித்திரை வெயிலில் இலை சீக்கிரம் மஞ்சளாகி, கிழங்கு பெரிய நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது. இரண்டாம் முறை ஃபிரிட்ஜில் வைத்து நட்டதில் பழைய ஐந்தில் இரண்டுதான் பூத்தது, தலைக்கு ஒரு பூ. புதிய இரண்டும் நன்றாகப் பூத்தன. மதுரையில் இதை ஒரு தடவை வைத்துவிட்டுக் காலத்துக்கும் பூப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடா வருடம் இரண்டு மூன்று கிழங்கு புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு 160 ரூபாய் அதற்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் முயன்றுகொண்டிருக்கிறேன். இலை தண்டோடு சேர்கிற இடுக்கில் மிளகு அளவில் கறுப்பு மணி உருளும். அது விதை இல்லை, குட்டிக் கிழங்கு. தொட்டாலே கையோடு வந்துவிடும். முதல் வருடம் 14 மணி பொறுக்கி ட்ரேயில் போட்டேன். ஒன்பது முளைத்து, ஆளுக்கு ஒரு ஒற்றை இலை விட்டது. வெயில் காலம் தாண்டி ஐந்து பிழைத்திருக்கிறது. பூக்க இரண்டு மூன்று வருடமாகும் என்றார் அண்ணன். அந்த ட்ரேயை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார்கள்.