ஜப்பான் போகுமுன் மூன்று மாதம்: எழுத்தா, பேச்சா?

டிக்கெட் போட்டபோது கையில் மூன்று மாதம் இருந்தது. வேலை முடிந்து வந்து நாளுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்தால் மொழியின் ஏதோ ஒரு ஓரத்தைத்தான் பிடிக்க முடியும். மனைவி பேச்சைப் பிடித்தாள்: காதால் கேட்டு, வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம். நான் எழுத்தைப் பிடித்தேன்: ஒலியெழுத்தில் இரண்டு வகை, ஹிரகானா 46, கதகானா 46, அதோடு சைவச் சாப்பாட்டுக்கும் வழிக்கும் வேண்டிய சில காஞ்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து. டோக்கியோ, கியோட்டோ, தகாமட்சு என்று பத்து நாள் சுற்றிவிட்டு வந்தாயிற்று. எது அதிகம் உதவியது என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு இல்லை. எழுதுகிறவன் நான் என்பதால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய ஊர்களில் இரண்டும் தெரியாமலே ஓட்டிவிடலாம். ரயில் நிலையப் பலகையில் ரோமன் எழுத்து இருக்கிறது, மெனுவை மொழிபெயர்க்கப் போன் கேமரா இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையையும் ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் என்ற முன்னோர் பண்டிகையையும் தவிர்த்துத் தேதி போட்டாலே பயணத் திட்டத்தில் பாதித் தலைவலி தீர்ந்தது.

பேச்சுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியம் வேற்றாளே அல்ல. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒன்று பெயரின் வாலில் ஒட்டும். 'தோக்யோ நி இகிமாசு' என்றால் டோக்கியோவுக்குப் போகிறேன். 'நி' நம்முடைய 'கு'. 'தபேதே மிரு' அப்படியே சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பது உண்மையிலேயே பார்ப்பதுதான். கோரே, சோரே, ஆரே, தோரே என்ற நாலும் இது, உது, அது, எது. 'இது'வுக்கும் 'அது'வுக்கும் நடுவில் நிற்கும், நமக்கு வழக்கொழிந்த 'உது' யாழ்ப்பாணத்தாருக்கு இன்றும் வாயில் இருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் லேசு. மனைவி ஒரே மாதத்தில் ஐம்பது வாக்கியம் வைத்திருந்தாள். நான் அப்போது எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கேள்வியை மனப்பாடம் செய்யலாம், பதிலை எப்படிச் செய்வது? முதல் நாள் இரவு கொன்பினியில், அதாவது அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு கடையில், ஒற்றை வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு என்பதால் பை வேண்டுமா என்று கேட்பார்கள், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அவள் படித்தது 'ஃபுகுரோ இரிமாசு கா'. கவுண்டரில் இருந்தவர் கடைக்கார மரியாதை மொழியில் 'ஃபுகுரோ கோரியோ தெசு கா' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இவள் 'ஹாய்', அதாவது ஆமாம், என்றாள். அந்த வாழைப்பழம் தனிப் பையில் ஹோட்டலுக்கு வந்தது.

எழுத்து இப்படித் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. சுவரில், பாட்டிலில், பொத்தானில் அசையாமல் நிற்கும். நாம் வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டிப் படிக்கும்வரை காத்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு அந்த அவகாசம்தான் எல்லாம். நான் எழுத்துப் பக்கம் நிற்பதற்கு இந்த ஒன்றே காரணம்.

அதிலும் கதகானா கைமேல் பலன். வெளிமொழிச் சொற்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதில் பெரும்பகுதி ஆங்கிலம். கூட்டிப் படித்தால் ஹோதெரு, கோஹீ, தோய்ரே என்று தெரிந்த சொல்லே வந்து விழும். ராமென் என்ற நூடுல்ஸ் சூப்புக் கடை வாசலில் காசு போட்டுச் சீட்டு எடுக்கும் இயந்திரம் இருக்கும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள், கேமராவை வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கும். அங்கே 'ரைசு' பொத்தான் எது, 'பீரு' பொத்தான் எது என்று நானாகவே படித்தேன். நெடிலை ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் 'பிரு', கட்டடம். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

எழுத்து வரிசையைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' முற்காலத்தில் 'ப' ஆக ஒலித்தது என்கிறார்கள். 'ப' என்றே வைத்துக்கொண்டால், நம் வரிசையில் ங, ஞ, ட, ண போன்றவற்றைத் தூக்கிவிட்ட மிச்சம் இது. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் தடம். நாளுக்கு ஐந்து எழுத்து என்று போனால் 92ம் மூன்று வாரத்துக்குள் முடியும். கதகானாவில் 'ஷி', 'ட்சு' இரண்டு மட்டும் உயிரை வாங்கும். இரண்டு சின்னக் கீற்று, ஒரு நீளக் கீற்று. நீளக் கீற்றைக் கீழிருந்து மேலே இழுத்தால் 'ஷி', மேலிருந்து கீழே இழுத்தால் 'ட்சு'. சட்டைக்கு 'ஷாட்சு' என்று எழுதி இரண்டையும் ஒரே சொல்லில் நிறுத்தியவரை என்ன சொல்ல!

இன்னொன்று. மனைவி வாக்கியங்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள், எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஜப்பானியத்தில் 'கிதே' என்பதில் 'தே' வல்லினமாகவே ஒலிக்க வேண்டும். வா என்று பொருள். நாம் 'கிதே' என்று எழுதினால் 'தே' மெலிந்துவிடும், 'கித்தே' என்று எழுதினால் தபால்தலை ஆகிவிடும். ஜப்பானிய எழுத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வல்லெழுத்தின் தோளில் இரண்டு புள்ளி வைத்தால் ஒலி மாறும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு புள்ளிதான் தகாமட்சுவில் காப்பாற்றியது. ஊதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர். குழம்பெல்லாம் 'இரிகோ' என்ற சின்னக் கருவாட்டில் இறக்கியது. மனைவி சைவம். 'நிகு நாஷி', இறைச்சி வேண்டாம் என்று சரியாகத்தான் சொன்னாள். கடைக்காரரும் மனப்பூர்வமாகத் தலையாட்டினார். மீன் அவருக்கு 'நிகு' கணக்கில் வராது. கிண்ணம் வந்ததும் கருவாட்டு வாசம். "ஏங்க, இது..." என்று நகர்த்தி வைத்துவிட்டாள். வெறும் நீரில் வெந்த நூடுல்ஸ் தனியாக வாங்கினோம். மேசையில் இரண்டு கறுப்புப் பாட்டில், இரண்டிலும் ஹிரகானா. ஒன்றில் 'ஷோயு', சோயா சாஸ். மற்றதில் 'த' எழுத்து, தோளில் இரண்டு புள்ளி, பக்கத்தில் 'ஷி': 'தாஷி', மீன் சாறு கலந்தது. முதல் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினேன்.

ஆனால் அதே ஊரில் பஸ் நெற்றியில் இருந்ததெல்லாம் காஞ்ஜி. என் 92 எழுத்தும் அங்கே செல்லாக்காசு, கேமராவும் ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கவில்லை. மனைவி ஒரு பாட்டியிடம் போய் 'சுமிமாசென்', மன்னிக்கணும் என்று தொடங்கி இடத்தின் பெயரைச் சொல்லி 'தோகோ தெசு கா', எங்கே என்றாள். பாட்டி பதிலே சொல்லவில்லை, எங்களோடு நடந்து வந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனார். இதற்கு எழுத்துப் பக்கத்தில் ஈடாக வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

பத்து நாள் பயணத்தை வைத்துச் சொல்கிறேன், அங்கேயே தங்கி வேலை பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு சரிவராது. விடுமுறைக்குப் போகிறவர் என்றால் முதல் மூன்று வாரத்தை எழுத்துக்குக் கொடுங்கள், மிச்ச நாளில் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போதும், அவற்றையும் ஹிரகானாவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வந்து ஒரு வருடம் ஆகிறது. ஹிரகானா இன்னும் நிற்கிறது, கதகானாவில் 'ஷி', 'ட்சு' மறுபடி கலந்துவிட்டன. மனைவிக்கு ஐம்பதில் ஒன்று மிச்சம்: இன்னொரு கரண்டி சாதம் வைக்கப் போனால் 'தாய்ஜோபு', போதும் என்று தட்டை மூடிக்கொள்கிறாள். அதைத் தமிழ் எழுத்தில்தான் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.