1906-ன் சிறந்த பேஸ்பால் அணி எது: சிகாகோவின் கப்ஸ் அணியா, வைட் சாக்ஸ் அணியா?

அந்த ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரில், அதாவது இரண்டு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடரில், மோதிய இரண்டும் சிகாகோ அணிகள்தான். கணக்கைப் பார்த்தால் கப்ஸ் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது: 116 வெற்றி, 36 தோல்வி. 2001-ல் சியாட்டில் அணி அதே 116-ஐத் தொட்டது, ஆனால் அதற்கு 162 ஆட்டங்கள் தேவைப்பட்டன. சிறுவயதில் விரலை இழந்த கப்ஸ் பந்துவீச்சாளர் மோர்டெகாய் பிரவுன் வீசிய பந்தை அடிப்பதே பெரும்பாடு.

வைட் சாக்ஸுக்கு 93 வெற்றி. பேட்டிங் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம்) .230, அவர்கள் ஆடிய அமெரிக்கன் லீகிலேயே கடைசி! எட் வால்ஷ் போன்ற பந்துவீச்சாளர்கள்தான் அணியைத் தாங்கினார்கள். ஆகஸ்டில் தொடர்ந்து 19 வெற்றி, அப்புறம் லீக் பட்டம்.

சரி, தொடர்? வைட் சாக்ஸ் 4-2. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் தலா 8 ரன் குவித்தார்கள். ஆனாலும் முழு சீசனுக்கு என் ஓட்டு கப்ஸுக்கே. ஆறு ஆட்டங்கள் அந்த 116-ஐ அழித்துவிடாது.